நாரணாபுரம் செல்வியைத் தேடியவள்

அடுத்தவர் கூச்சத்தைப் போக்குவதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கும் ஆள் நான்; என் கூச்சத்தைப் போக்க இன்னும் யாரையும் நியமிக்கவில்லை.

சிவகாசிப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் பால்வினை நோய்ப் பிரிவின் ஆலோசகர். பட்டாசுக் கம்பெனி, தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம் என்று வேன் வேனாக ஆள் இறங்கும் ஊர். வருகிறவர்களிடம் எங்கே புண், எத்தனை நாளாக, யாரோடு என்று கேட்டு, எப்படித் தொற்றியது, எப்போது ரத்தம் கொடுக்கணும், வீட்டுக்காரரை எப்படி அழைத்து வரணும் என்று சொல்வது என் வேலை. நான் படித்ததோ கான்வென்ட். இனப்பெருக்கப் பாடம் வந்த அன்றைக்கு சிஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்றார். வீட்டில் அம்மா, "ஸ்கூலில் சொல்லித் தருவாக" என்றாள். மிச்சத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் படித்தேன்.

இப்படி வாய் கூசுகிற வேலையில் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, மூலவியாதிக்கு டோக்கன் கொடுக்கிறவர்களே, மருந்துக்கடையில் "அந்தப் பாக்கெட்" என்று காதோடு கேட்கப்படுகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டரை வயதில் மித்ரா என்று ஒரு மகள். அடுத்தது வயிற்றில், நான்கு மாதம். கர்ப்பமென்று தெரிந்ததுமே சிபிலிஸுக்கு ரத்தம் பார்த்துவிட வேண்டும், தாய்க்கு இருந்தால் பிள்ளைக்குப் போகும், முன்னாடியே கண்டுபிடித்தால் ஊசியோடு சரியாகிவிடும் என்று வருகிற பெண்களிடமெல்லாம் நெட்டுருவாகச் சொல்கிறவள், என் ரத்தத்தைக் கொடுக்காமல் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு மாதமாக அரிப்பு, வெள்ளைப்படுதல் வேறு. கணவர் ஜெயக்குமார் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் அதைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்க வெளிமாநிலம் போனால் மாதக்கணக்கில் லாட்ஜ் வாசம். "வீணாகச் சந்தேகப்படாதீர்கள்" என்று ஊருக்கெல்லாம் சொல்லும் வாய், என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணப் பத்திரிகை

என் அறைக்கு எதிரே லேப். அங்கே பாண்டி அண்ணன். இருபது வருடமாக ரத்தக் குழாய்களோடு குடும்பம் நடத்துகிறவர். எங்கள் பிரிவிலிருந்து அவரிடம் போகும் ஒவ்வொரு குழாயிலும் பெயர் எழுதி ஒட்டுவது நான். கான்வென்டில் நாலுகோடு நோட்டில் தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகிய கை. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் அடுத்த எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். என் வாழ்க்கையில் நான் பரிசு வாங்கிய ஒரே விஷயம் அது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பாண்டி அண்ணன் ஒரு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வந்தார். பாராட்டப் போகிறார் என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மேடம், அரை மணி நேரத்துல குப்பைக்குப் போற குளாய்க்கு எதுக்கு இம்புட்டு அளகு? கல்யாணப் பத்திரிகையா அடிக்கீக?"

போன வாரப் பெயர்

இந்தப் பிரிவுக்கு வருகிறவர்கள் நோயைக்கூடச் சொல்லிவிடுவார்கள், பெயரைச் சொல்ல மாட்டார்கள். காரணம் வேன். ஒரே வேனில் இருபது பேர். ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால், அடுத்த ஸ்டாப்புக்குள் அவர் எந்த அறைக்குப் போனார் என்பது வண்டி முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே முருகன் குமார் ஆவார்; குமார் செந்தில் ஆவார்.

அச்சங்குளத்திலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். சிறுநீர் போகையில் எரிச்சல், காலையில் சீழ். முதல் வாரம் மாரிமுத்து என்றார். அடுத்த வாரம் "மாரிமுத்து, மாரிமுத்து" என்று நான் தொண்டை வறளக் கூப்பிட, எதிரிலேயே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். நோயை மறைக்கிறது தப்பில்லையா, சரியான பெயரில் சீட்டு இருந்தால்தானே சரியான மருந்து போகும் என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போன வாரம் என்ன பேரு சொன்னேன்னு எனக்கு எப்படி மேடம் ஞாவகம் இருக்கும்? அத நீங்கதான முன்கூட்டியே காதுல சொல்லிருக்கணும்?"

முதலில் சோப்பு

எங்கள் அறையில் ஒரு விதி உண்டு: உள்ளே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கொரோனா காலத்து மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, என் அசட்டுத்தனத்தின் மிச்சம்.

சிபிலிஸ் முதலில் ஒரே ஒரு புண்ணாக வரும். வலிக்காது. தானே ஆறிவிடும். ஆறியதும் நோய் போய்விட்டதென்று ஆள் நிம்மதியாகிவிடுவார். அது உள்ளே இருந்துகொண்டு, சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புச் சிவப்பாகப் படரும்; அப்போதும் பெரும்பாலும் அரிக்காது. இதைப் புத்தகத்தில் படித்த சூட்டோடு, முதல் மாதமே ஒரு பெண்ணின் உள்ளங்கையில் சிவப்புத் திட்டுகளைக் கண்டுபிடித்து, கொலம்பஸ் மாதிரி எங்கள் பிரிவு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். டாக்டரம்மா சோப்பை நீட்டினார். இரண்டாவது தேய்ப்பில் நோய் தண்ணீரோடு போய்விட்டது. அந்த அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "மத்தாப்புச் சாயம் மேடம். எங்க ஷெட்டுல அம்புட்டுப் பேரு கையிலயும் இருக்கு. எல்லாத்துக்கும் ஊசி போட்டுருவீகளோ?" என்றார்.

இதற்கு நேர் எதிராகவும் நடந்தது. வெள்ளி நிறத்தில் அலுமினியத் தூள் அப்பிய கையோடு ஒரு கலவை அறைத் தொழிலாளி வந்தார். கழுவக் கழுவத் தூள் போயிற்று, திட்டுப் போகவில்லை. வெடிமருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்று வாரமாகத் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார். வேனில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்களாம். "சரிங்க, உள்ளங்காலிலும் இதே மாதிரி இருக்கே, காலாலயா மருந்து கலக்குறீங்க?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். "செருப்பு புதுசு மேடம்."

பங்கு

ரத்தம், சீழ் எல்லாம் பரிசோதித்து முடிவு வரும்வரை ஆள் காத்திருக்க மாட்டார் என்பதால், அறிகுறியை வைத்தே அன்றைக்கே மருந்து கொடுத்துவிடுவோம். ஒவ்வொரு விதமான அறிகுறிக்கும் ஒரு கலர் டப்பா. சீழ் வருகிறவர்களுக்குச் சாம்பல் நிறம், உள்ளே இரண்டு வகை மாத்திரை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும், துணைவரும் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருக்கு ஒருவர் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள் என்று விளக்கினேன். நான் அருமையாக விளக்கியதாக எனக்கு ஒரு எண்ணம்.

ஒரு அச்சகத் தொழிலாளி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மையில் கறுப்பு கூடிப்போச்சு, தங்கள் மெஷினில் அடித்திருந்தால் இப்படி விடமாட்டோம் என்று குறை சொல்லிவிட்டு வாங்கிப் போனார். பத்து நாளில் அதே சீழோடு வந்தார், கூட இன்னொருவர், அவருக்கும் அதே. கூட்டாளிக்கும் அதே தொந்தரவு, அவருக்கு இங்கே வரக் கூச்சம் என்பதால், ஒரு வகை மாத்திரையை இவர் விழுங்கிவிட்டு மற்றதை அவருக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் போகவில்லை. நான் தலையில் கை வைத்தேன். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை. "ஒரே வேன்ல வாறோம், ஒரே மெஷின்ல நிக்கோம், ஒரே டீயப் பாதி பாதி குடிக்கோம். டப்பாவுல மட்டும் என்ன மேடம் தனித்தனி?"

காற்று

ஆணுறை போட்டுக் காட்ட மரத்தில் செய்த மாதிரி உறுப்பு ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதன்மேல் என் பூப்போட்ட கைக்குட்டையைப் போர்த்தி வைத்திருப்பேன். அதனாலேயே வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். ஒரு நாள் நாலு பேர் முன்னால், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஒரு வழியாகப் போட்டு முடித்தேன். குழாய் வெடி அடைக்கும் பெரியவர் ஒருவர் முன்னால் குனிந்து தரப் பரிசோதனை செய்தார். "நுனில காத்து நிக்கி மேடம். கிள்ளிப் பிடிச்சிட்டுல்ல போடணும்? அடைப்புல காத்து நின்னா என்னாகும்னு எங்களுக்கு நீங்க சொல்லியா தெரியணும்?"

ஒரு சீட்டுக்கு ஒரு பொய்

இனி என் கதைக்கு வருகிறேன். நாலாம் மாதமும் பாதி ஓடிவிட்டது. கர்ப்பிணிப் பதிவுக்குப் போனால் ரத்தம் எடுப்பார்கள், அது பாண்டி அண்ணனிடம் போகும். தனியார் லேபுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். சிவகாசியில் எந்த லேபில் நுழைந்தாலும், ஊசியோடு நிற்கும் பெண் ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளாக இருப்பாள்.

ஆகவே, நான் வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த காரியத்தை நானே செய்தேன். பிரசவ வார்டு நர்ஸிடம் போய், "ஹீமோகுளோபின் பார்க்கணும் அக்கா, நானே லேபில் கொடுத்துக்கிறேன்" என்று கையை நீட்டினேன். என் அறைக்கு வந்து குழாயில் பெயர் ஒட்டினேன்: செல்வி, நாரணாபுரம். கூடப் போகும் சீட்டில் போன் நம்பர் இடம் காலி. ஆனால் வயது இருபத்தேழு என்றும், கர்ப்பிணி என்றும் உண்மையையே எழுதினேன். ஒரு சீட்டுக்கு ஒரு பொய்க்குமேல் என் கான்வென்ட் மனசாட்சி அனுமதிக்கவில்லை. பிரசவ வார்டு நர்ஸ் பெயர் எழுதி அனுப்பியிருந்த அன்றைய குழாய்களுக்கு நடுவில் செல்வியைச் செருகிவிட்டு, இருப்பதிலேயே புத்திசாலி நான்தான் என்று காபி குடித்தேன்.

மதியம் பாண்டி அண்ணன் சீட்டோடு வந்தார். சிபிலிஸ் சோதனையில் ரியாக்டிவ், அதாவது நோய் இருக்கலாம். லேசாகத்தான், ஆனால் ரியாக்டிவ். சீட்டின் மேலே சிவப்பு மையில், 'தேடிக் கண்டுபிடிக்கவும்' என்று எழுதியிருந்தது. தேடிக் கண்டுபிடிப்பது ஆலோசகரின் வேலை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். "கர்ப்பிணிப் பொண்ணு மேடம். விட்டுறக் கூடாது. எங்கன இருந்தாலும் தேடிக் கூட்டிட்டு வந்துருங்க."

வீடு பூட்டியிருந்தது

ஐந்து நாள் செல்வியைத் தேடினேன். 'நாரணாபுரம் சென்றேன், வீடு பூட்டியிருந்தது' என்று பதிவேட்டில் எழுதினேன். அடுத்த நாள் 'உறவினர் வீட்டுக்குச் சென்றுள்ளார்' என்று எழுதினேன். இல்லாத ஒருத்திக்கு இவ்வளவு உறவினர்கள் கிடைப்பார்கள் என்று எனக்கே தெரியாது.

கர்ப்பமே சிலசமயம் இந்தச் சோதனையை லேசாக ஏமாற்றும், ரியாக்டிவ் என்பதாலேயே நோய் என்று அர்த்தமில்லை, இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதைச் சொல்லி எத்தனையோ பேர் கண்ணீரைத் துடைத்திருக்கிறேன். எனக்கு நானே சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது எவ்வளவு சொத்தையான ஆறுதல் என்று. மித்ராவைக் குளிப்பாட்டும்போது அவள் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், அப்புறம் உள்ளங்கால். அவள் பிறக்கும்போது எனக்கு நெகட்டிவ். அவளுக்கு வர வழியே இல்லை. அதுவும் தெரியும். ஆனாலும் தேய்த்தேன். அவள் கிச்சுகிச்சு மூட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, அப்படியே மூடுவது வழக்கமாகிவிட்டது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கதவருகே பாண்டி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக "செல்வி கிடைச்சுதா?" என்பார். அன்றைக்கு டிபன் பாக்ஸைப் பார்த்தார். "அந்தச் செல்வி எங்கன கெடந்து பட்டினி கிடக்காளோ, நீங்க ரெண்டு வாய் சாப்பிடுங்க மேடம்."

முதலாளிக்கும் ஒன்றுமில்லை

நோய் இருப்பவரின் துணைவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. குற்றம் சாட்டக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, கேள்வியை நேராகக் கேட்க வேண்டும். ஒடிசாவில் ஏதோ ஒரு ஊர் லாட்ஜில், ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் போனில் அந்தக் குரலிலேயே ஆரம்பித்தேன். "கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்குப் பிறப்புறுப்பில் வலியில்லாத புண் ஏதாவது வந்ததா?"

அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் நின்றது. பிறகு நான் பயிற்சியை எல்லாம் மறந்து அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன், செல்வி உட்பட. அவர் கத்தவில்லை. என்னை என்னவென்று நினைத்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கேட்க நாலு கேள்வி தயாராக வைத்திருந்தேன். "மித்ராவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். "நாளைக்குக் காலைல மொத வேலையா ரத்தம் கொடுக்கேன். ஆர்டரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் மாலை போனில் அறிக்கை வந்தது. நோய் இல்லை. ஆனால் மேலே இருந்த பெயர் என் கணவருடையது இல்லை. பதறிப்போய்க் கூப்பிட்டேன். அவர் சொன்னார். "கவுண்டர்ல பேரு கேட்டதும் ஒரு மாதிரி ஆயிருச்சு. வாயில வந்தது எங்க முதலாளி பேருதான். அவருக்கும் ஒண்ணும் இல்லையாம்ல, நல்ல மனுசன்."

எஸ்ஸின் வால்

கணவருக்கு இல்லை என்றதும் என் பயம் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. சீட்டில் ரியாக்டிவ் என்பது அப்படியே இருந்தது. வயிற்றில் பிள்ளை அன்றைக்குத்தான் முதல்முறை லேசாக அசைந்த மாதிரி இருந்தது. ஆறாம் நாள் நோயாளிகள் எல்லோரும் போனபின் லேபுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டி, "அண்ணே, செல்வி வந்திருக்கா" என்றேன். 

பாண்டி அண்ணன் ஊசியைத் தொடவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து, கவிழ்த்து, என் பக்கம் தள்ளினார். உறுதிப்படுத்தும் சோதனை. முதல் நாளே, மிச்சமிருந்த ரத்தத்தை மாவட்ட லேபுக்கு அனுப்பியிருக்கிறார். சிபிலிஸ் இல்லை. கர்ப்பம் காட்டிய பொய் அது. திருப்பித் திருப்பிப் படித்தேன். அப்புறம் கோபம் வந்தது. இது எப்போது வந்தது என்றேன். முந்தின நாள் சாயங்காலம் என்றார். ஒரு ராத்திரி முழுக்க நான் உயிரோடு வெந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "பேசண்ட் தானா வந்து கேட்டாத்தான் ரிசல்ட்டச் சொல்லணும், வேற ஒரு ஆள்கிட்டயும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்களுக்குக் கிளாஸ் எடுத்தது நீங்கதான மேடம்?" என்றார்.

அடுத்த அறையில் டாக்டரம்மா பரிசோதித்தார். அரிப்புக்குக் காரணம் வெறும் பூஞ்சை, கர்ப்பிணிகளுக்குச் சாதாரணமாக வருவது, யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. ஆறு நாள் மருந்தைக் கொடுத்துவிட்டு, கர்ப்பிணிப் பதிவேட்டில் இனியாவது உன் பெயரை எழுது, கொஞ்ச நாள் கழித்து ரத்தத்தை இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்றார். வெளியே வந்தபோது பாண்டி அண்ணன் குப்பைக்கு அனுப்பாமல் எடுத்து வைத்திருந்த செல்வியின் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது தெரிந்தது அண்ணே என்று கேட்டேன். "குளாயக் கையில எடுத்த நிமிசமே. அந்தச் செல்வியப் பாத்தா சொல்லுங்க மேடம், பேர மட்டும் மாத்துனாப் பத்தாதுன்னு. பிரசவ வார்டுக் குளாய்ல வந்து எஸ்ஸுக்கு இப்படி வால் சுருட்டுற ஆளு நாரணாபுரத்துல யாரு இருக்கா?"

இப்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து யாராவது பொய்ப் பெயர் சொன்னால் நான் பிரசங்கம் செய்வதில்லை. அடுத்த வாரம் காதில் சொல்வதற்காக அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு, குழாயில் மட்டும் முடிந்தவரை கோணலாக எழுதுகிறேன்.